பொட்டு வைத்த பல்

இருபத்தொன்பதுதான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. துளசிமணி நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்ததும் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிறீச்சிட்டது. ஏழு கார்களைத் துணி போர்த்தித் தூங்கவைக்க இடமிருக்கிற கொட்டகையில், வந்த மனுசிக்குப் போட நாலு காலும் சமமாக உள்ள நாற்காலி ஒன்று இல்லை. போகட்டும். பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள், பத்து ஐம்பதுக்கே உக்கடத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். மேனேஜர் தண்டபாணி அவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்து, "ஐயா போன்ல இருக்காருங் அம்மிணி, பத்து நிமிசம். அவிய வர்ற வரைக்கும் எதையும் தொட்டுறாதீங்க, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'என்ன' இருக்கிறதே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற 'என்ன'. பத்தொன்பது வயசிலிருந்து தொட்டுத்தான் பிழைக்கிறாள், அவளிடம் தொடாதே என்கிறார். எதிரே மேசை. மேசைமேல் கடிதம். கடிதம் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கியர் பாக்ஸின் மூடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மூடி போன பெட்டி, கொஞ்சம் தள்ளி, ஒரு மரக்கட்டைமேல் வயிற்றைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்தால் ஒரு நிமிசத்தில் எண்ணிவிடலாம். எண்ண வேண்டியதில்லை. இருபத்தொன்பதுதான்.

கடிதத்தில் மூன்று வரி. மூடிக்கு வெளியே ஓரம் மட்டும்தான் தெரிகிறது, ஆனால் நேற்றே போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள், அவளுக்கு மனப்பாடம். முதல் வரி: மேற்படி வாகனத்தின் கியர் பாக்ஸ் குறித்து நான் கூறியது தவறு. இரண்டாவது வரி: இத்தகைய பாகங்களை அடையாளம் காணும் அறிவோ பயிற்சியோ எனக்கு இல்லை. மூன்றாவது வரி: இனி இது போன்ற கருத்து எதையும் யாருக்கும் கூற மாட்டேன். கீழே, திருமதி துளசிமணி, கணவர் பெயர் ஆறுச்சாமி. அறிவோ பயிற்சியோ. இந்த 'ஓ'வை எவன் போட்டானோ, ரொம்ப அனுபவித்துப் போட்டிருக்கிறான். தவறு என்றால் தவறு, அதோடு விட்டிருக்கலாம். காலில் முள் குத்தியதற்குக் காலையே வெட்டச் சொல்கிற கதை. இந்த மூன்று வரிக்குக் கீழே அவள் பெயரை எழுதிவிட்டால், நாளைக்கு ஆறுச்சாமியின் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு யாராவது துணியில் சுற்றி ஒரு பழைய சாமானைக் கொண்டுவந்து, "அக்கா, இது எந்தக் காரோடதுன்னு பாருங்" என்று கேட்டால், அவள் வாயைத் திறக்க முடியாது. கேட்க வரவே மாட்டார்கள். கடை போர்டில் ஆறுச்சாமி பெயர்தான் இருக்கிறது, அதனால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறதெல்லாம் அவளுக்குத்தான்.

யாருக்கு என்ன செய்துவிட்டாள் என்று இந்தக் கடிதம்? பழைய கார் வைத்திருக்கிறவர்களின் சங்கம் ஒன்று ஊரில் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் காரைத் துடைத்து வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். அதில் 'அசல் மாறாத கார்கள்' என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் நிற்க இந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரரான கோகுல்நாத் தன் அப்பாவின் எம்.ஜி. காருக்குப் பெயர் கொடுத்தார். நாற்பத்தெட்டாம் வருசத்துச் சீமைக் கார், இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, காசுக்காரன் காற்று வாங்கப் போகிற கார். சங்கத்துக்காரர்கள் அவளைக் கூப்பிட்டுப் பெட்டியைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். லே சாப்ட் என்று மெக்கானிக்குகள் சொல்கிற கீழ்த்தண்டில் இருக்கும் பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணினாள். அந்தக் காருக்கு இருபத்தெட்டு இருக்க வேண்டும். அதே வயிற்றில் பிறந்த நாலு கதவுக் குடும்பக் காருக்கு இருபத்தொன்பது. வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒரே அச்சு, வித்தியாசம் அந்த ஒரு பல். எண்ணினாள், இருபத்தொன்பது வந்தது, எழுதிக் கொடுத்தாள். கோகுல்நாத்தின் காரைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் மும்பையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். வந்தவர் பெட்டியின் முதுகில் அடித்திருக்கும் நம்பரைத் தன் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அசலேதான் என்று மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். நம்பரை யார் வேண்டுமானாலும் உளி வைத்து அடிக்கலாம். பல்லை அடிக்க முடியுமா?

முடியாது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படிப்பு எட்டாவது. ஆனால் பத்தொன்பது வயதில் பவுண்டரி வேலைக்குப் போனாள், கோர் போடுகிற வேலை. உருக்கிய உலோகத்தை ஊற்றும்போது எந்த இடம் காலியாக இருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் உட்காரவைக்கிற மணல் பொம்மைக்குத்தான் கோர் என்று பெயர். உலோகம் ஆறியதும் மணலை உடைத்துக் கொட்டிவிடுவார்கள், அது இருந்த இடம் வயிறாக நிற்கும். பம்பு, மோட்டார், மாவரைக்கிற மிசினின் கழுத்து, எதற்கென்றே சொல்லாமல் வந்த ஒற்றைச் சாமான்கள், எல்லாவற்றின் வயிற்றையும் பொம்பளைகள்தான் மணலில் பிடித்தார்கள். அதனால்தான் ஆறுச்சாமியைக் கட்டிக்கொண்டு உக்கடம் கடைக்கு வந்தபோது, மற்றவர்கள் ஒரு பெட்டியை வெளியே தட்டிப் பார்க்க, அவள் உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். சென்னையில் செய்த ஹெரால்ட் காரின் பெட்டியும் சீமை ஸ்பிட்ஃபயர் காரின் பெட்டியும் அக்கா தங்கை. எவனோ இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரிலிருந்து போனில் படம் அனுப்பி, "மேடம் துளசி, இது எது?" என்று கேட்கிறான், அவள் உள்ளே படம் பிடித்து அனுப்பச் சொல்கிறாள். உள்ளே பொய் சொல்ல ஒருத்தனும் மெனக்கெடுவதில்லை. உள்ளேதான் யாரும் பார்க்க மாட்டார்களே.

யாரும் பார்க்காத இடத்தில் அவளுடைய நகமும் இருந்தது ஒரு காலத்தில். பவுண்டரியில் பதினான்கு பொம்பளைகள். யார் போட்ட கோரில் பொத்தல் விழுந்தது என்று கண்டுபிடித்துத் திட்ட ஆளுக்கொரு குறி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்குச் சிலுவை, ஒருத்திக்கு ஒரு கோடு, அவளுக்கு மூன்று நகம். ஈர மணலில் கட்டைவிரல் நகத்தை மூன்று தடவை அழுத்தினால், வார்த்து வந்ததும் உள்ளே மூன்று சின்னப் பிறை புடைத்து நிற்கும். ஒரு நாள் பொத்தல் விழுந்த பம்பு ஒன்றைத் தூக்கிவந்து எல்லார் முன்னாலும் வைத்து, "யாரு இது மூணு நகம்?" என்றார் சூப்பர்வைசர். அவள் முன்னால் போய்ப் பார்த்தாள். கோர் நன்றாகத்தான் இருந்தது, உருக்கில்தான் சூடு போதவில்லை, ஓரம் மடிந்திருந்தது. அதைச் சொன்னாள். "கோர் போடறவளுக்கு உருக்கப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அவர். அந்தப் பம்பின் முன்னால் அவள் நின்றபடியே நின்றாள், மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை, அப்போதும் கேட்கவில்லை. பிறகு உலைக்காரரே ஒப்புக்கொண்டார். இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு சூடாகிறது. அறிவோ பயிற்சியோ. முப்பத்தைந்து வருசம் கழித்து அதே வாய், வேறு பல்.

காலையில் ஆறுச்சாமி தோசையைப் பிட்டுக்கொண்டே, "ஏம்புள்ள, போட்டுட்டு வந்துரு. ஆனைக்கும் அடி சறுக்கும். பெரிய எடம். நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்றான். ஆனைக்கு அடி சறுக்கினால் அது ஆனை இல்லை என்று எழுதி வாங்குவார்களா என்று அவள் கேட்டாள். அவன் சட்னியைப் பார்த்தான். நல்லவன்தான், சண்டை என்றால் அவனுக்கு ஆகாது. பக்கத்துக் கடை இஸ்மாயில் பாயோ நேர் எதிர். "போடாதக்கா. அவிய என்ன பண்ணிருவாங்கன்னு பாத்துரலாம். மார்க்கெட்டே உங்க பின்னால நிக்குது" என்றார். பின்னால் நிற்பது சுலபம், முன்னால் உட்கார்ந்திருப்பது அவளல்லவா. இதற்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கோகுல்நாத்தின் அப்பா, பெரியவரின் பந்தா காருக்குள் குடும்பக் கார் பெட்டி என்று டீக்கடையில் சிரித்தார்களாம். அப்படிச் சிரித்தது அவளுக்கே பிடிக்கவில்லை. அவள் வேலை பார்த்த பவுண்டரி பெரியவருடையதுதான், அங்கே அவர் அந்தக் காரில்தான் வருவார், சனிக்கிழமை தோறும். கேட்டுக்கு முன்னால் கியரை இறக்கும்போது ஒரு சத்தம் வரும். இஞ்சின் திணறாது, உறுமிக்கொண்டே அடுத்த படிக்கு இறங்கும். குடும்பக் காரின் பெட்டி அப்படி இறங்காது, படிக்கும் படிக்கும் இடைவெளி அதிகம், மூச்சு வாங்கும். பெரியவரின் கார் மூச்சு வாங்கவில்லை. மணல் பிசைந்துகொண்டே பதினான்கு பொம்பளைகளும் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

மூச்சு வாங்கவில்லை என்றால். துளசிமணி அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினாள். முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் கேட்ட சத்தம் ஒரு சாட்சியா? அதற்குப் பிறகு பெட்டியை மாற்றியிருக்கலாம். மாற்றித்தான் இருப்பார்கள். அவள் எண்ணினாள், கண்ணால் பார்த்து, கையால் சுற்றி. ஃபேன் சுற்றுகிறது, கடிதத்தின் ஓரம் படபடக்கிறது, மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை ஏற்றியிருக்கிறார்கள், இரண்டாவது விசில். எத்தனை விசில் வந்தது என்று சந்தேகம் வராத பொம்பளை உலகத்தில் உண்டா? முதல் விசிலை எண்ணினோமா, அல்லது அதற்கு முன்னால் ஒரு முனகல் வந்ததே அதையும் சேர்த்தோமா. சீ, விசிலும் பல்லும் ஒன்றா. அப்படியென்றால் எழுந்து போய் எண்ணிவிடேன். பெட்டி அதோ இருக்கிறது. ஏன் எழவில்லை? தொடக்கூடாது என்று தண்டபாணி சொன்னதாலா? அவர் சொல்லை அவள் எந்த நாளில் மதித்தாள். கால் எழ மாட்டேன் என்கிறது, அதுதான் விசயம். எழுந்து எண்ணி இருபத்தொன்பது வந்தால் அவள் சொன்னது சரி, கடிதத்தைக் கிழித்து மேசைமேல் போட்டுவிட்டுப் போகலாம். இருபத்தெட்டு வந்தால்? வராது. ஏன் வராது? அவள் தப்பாக எண்ண மாட்டாள். ஏன் மாட்டாள்? பொட்டு இருக்கிறதே.

பொட்டுதான் அவள் கணக்கு. மற்றவர்கள் சாக்பீசில் குறி போடுவார்கள், எண்ணெயில் அழிந்துவிடும். பெயிண்ட் வைத்தால் காய நேரமாகும். அவள் ஒரு பல்லை மண்ணெண்ணெயில் நனைத்த வேஸ்ட் பஞ்சால் துடைத்து, சேலைத் தலைப்பால் மறுபடி துடைத்து, நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டுவாள். ஒரு சுற்றுக்குத் தாங்கும். மார்க்கெட்டில் அவளைப் பல்லுக்குப் பொட்டு வெச்ச மகராசி என்று கிண்டல் பண்ணாதவர்கள் இல்லை. பண்ணட்டும். பொட்டு வைத்த பல் வாசல் மாதிரி, வாசலை அறைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அடுத்த பல்தான் ஒன்று. சுற்றி வந்து பொட்டு மறுபடி முன்னால் வரும்போது அது கடைசி எண். வாயைத் திறக்க மாட்டாள், மனசுக்குள் எண்ணுவாள். ஒரு தடவை போன பிறகு சக்கரத்தைத் திருப்பிச் சுற்றி வந்த வழியே இன்னொரு தடவை எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் பேச்சு. இதில் தப்பு வர எங்கே இடம்? அன்றைக்கும் அப்படித்தான். இதே கொட்டகை. மூடியைக் கழற்றி ஓரமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள், தண்டபாணி மட்டும் பக்கத்தில். துடைத்தாள். பொட்டை எடுத்தாள். ஒட்டினாள். பிறகு?

பிறகு தண்டபாணி சிரித்தார். "பொட்டு வெச்சாத்தான் எண்ண வருமுங்களா? விரல் விட்டு எண்ற மாதிரி. ஒண்ணாங்கிளாஸ்ல எங்க பேத்தியும் இப்படித்தான் அம்மிணி" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பேத்தியா. சரி, உமக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பாரும் என்று ஒரு வேகம் வந்தது, அந்த வேகத்தில் அவள் வாயைத் திறந்தாள். பொட்டின்மேல் விரலை வைத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "பாருங்க மேனேஜரே. இது ஒண்ணு" என்றாள். இது ஒண்ணு. அடுத்த பல் ரெண்டு, அதற்கடுத்தது மூணு. அவர் முகத்தையும் பார்த்து, பல்லையும் பார்த்து, சத்தமாக, ஒவ்வொரு எண்ணையும் அவர் மேல் எறிகிற மாதிரி. பொட்டு திரும்ப வந்தபோது, "இருபத்தொம்போது" என்று அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டு இப்போதும் விரல் நுனியில் இருக்கிறது. அவர் வாய் மூடிக்கொண்டது. அந்தச் சந்தோசத்தில் திருப்பி எண்ணவில்லை. பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து வந்துவிட்டாள். இது ஒண்ணு என்று தொடங்கிய பல்லிலேயே இருபத்தொம்போது என்று முடித்திருக்கிறாள். வாசலை இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். அட பாவி மகளே.

மூன்றாவது விசில். கை சில்லென்று ஆகிவிட்டது. அக்டோபர் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சில்லென்று. இப்படி ஒரு தப்பை அவள் கடையில் வேறு யாராவது பண்ணியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். சரி, யாருக்குத் தெரியும்? தண்டபாணிக்குத் தெரியாது, அவருக்கு எது வாசல் எது அறை என்றே தெரியாது. மும்பைக்காரர் நம்பரைத்தான் பார்த்தார், பல்லை எண்ணவே இல்லை. உலகத்தில் இது அவள் ஒருத்திக்கு மட்டும், இந்த நாற்காலியில், இந்த நிமிசத்தில் தெரிந்த தப்பு. இப்படியே எழுந்து, "கையெழுத்துப் போட மாட்டேனுங்" என்று சொல்லிவிட்டுப் போனால் இஸ்மாயில் பாய் மாலை வாங்கிப் போடுவார். பணக்காரனை எதிர்த்து நின்றவள் என்று பெயர். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர் செத்துப் பதினாறு வருசம் ஆகிறது, அந்த மனிதர் போலிப் பெட்டி வைத்து ஓட்டியதாக டீக்கடையில் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அவள் மாலை போட்டுக்கொண்டு நிற்பாள். வேண்டாம். அப்படியென்றால் கையெழுத்துப் போட்டுவிடலாமா? முதல் வரி உண்மையாகிவிட்டதே. முதல் வரி உண்மை என்பதற்காக மற்ற இரண்டும் உண்மையாகுமா? இவர்கள் இந்த மூன்றையும் சாமர்த்தியமாக ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். தப்புப் பண்ணினாயா, அப்படியென்றால் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா, அப்படியென்றால் வாயை மூடு. ஆம்பளை தப்புப் பண்ணினால் அனுபவம், பொம்பளை தப்புப் பண்ணினால் அறியாமை. உருக்கு சூடு குறைந்ததற்கு உலைக்காரரிடம் எவனாவது கடிதம் வாங்கினானா? அன்றைக்கு அவள் செய்யாத தப்புக்குத் தலை குனியவில்லை. இன்றைக்குச் செய்த தப்பு இருக்கிறது. இருக்கட்டும். இதையும் நிமிர்ந்தே சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது. கால் எழுந்துவிட்டது.

மரக்கட்டைக்குப் பக்கத்தில் டப்பாவில் மண்ணெண்ணெய் இருந்தது, வேஸ்ட் இருந்தது. எதையும் தொடாதீங்க என்றவர்கள் எல்லாவற்றையும் எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். துடைத்தாள், தலைப்பால் மறுபடி துடைத்தாள், நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டி அழுத்தினாள். அப்போதுதான் செருப்புச் சத்தம். கோகுல்நாத் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், அப்பாவின் மூக்கு. பின்னால் தண்டபாணி, கையில் பேனா.

"தொடாதீங்கன்னு சொன்னனுங்களே அம்மிணி" என்றார் தண்டபாணி.

"எண்றப்ப பேசாதீங்க மேனேஜரே. போன தடவ நீங்க பேசித்தான் இத்தன வெனையும். சாருங், நீங்க கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. இந்தப் பொட்டு கணக்குல இல்ல. அடுத்தது ஒண்ணு."

சத்தமாகத்தான் எண்ணினாள், ஆனால் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொட்டு திரும்பி வந்தது. இருபத்தெட்டு. சக்கரத்தைத் திருப்பி, வந்த வழியே எண்ணினாள். இருபத்தெட்டு.

"உங்கப்பா பெட்டி அசல்தானுங்" என்றாள். "நாந்தான் தப்பா எண்ணிட்டேன். பொட்டு வெச்ச பல்ல ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

கோகுல்நாத் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார் போலிருக்கிறது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "எங்கப்பா ஏமாத்தினார்னு சிரிச்சாங்கம்மா. என் முன்னாடியே."

"தெரியுமுங். அது என்ற தப்பு. சங்கத்துல எத்தன பேரு இருந்தாலும் நானே வந்து சொல்றேன். நான் எண்ணுனது தப்பு, சிரிச்சதும் தப்புன்னு."

"அப்ப சரி" என்றார் அவர், குரல் இறங்கியிருந்தது. "கையெழுத்துப் போட்டுடுங்க. முடிச்சிடலாம்."

அவள் மேசைக்கு வந்தாள். கடிதத்தை எடுக்க வேண்டுமென்றால் மூடியைத் தூக்க வேண்டும். தூக்கினாள். கியர்க் கம்பி நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் கோபுரம், அதற்குள் விரல் பழக்கத்தில் போனது, போகச் சொல்லாமலே போனது. போன விரல் நின்றது. உள்ளே ஓரத்தில் ஏதோ புடைத்திருந்தது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். மூன்று பிறை, அரிசியைவிடச் சின்னது. கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை, நகம் இப்போது அகலம். ஆனால் முதல் இரண்டும் நெருங்கி மூன்றாவது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது, அவசரத்தில் அவள் எப்போதும் அப்படித்தான் அழுத்துவாள், அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறாள். எதற்கென்று சொல்லாமல் வந்த ஒற்றைச் சாமான். எந்த வருசம், எந்தக் கிழமை, ஒன்றும் ஞாபகமில்லை. ஏதோ ஒரு நாள் பெரியவரின் காரில் மூடி விரிசல் விட்டிருக்கிறது, சீமையிலிருந்து வர மாசக்கணக்காகும், தன் பவுண்டரியிலேயே ஊற்றிக்கொண்டார். தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க வைத்த குறி. துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது, நன்றாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். தண்டபாணி பயந்துபோய் பேனாவை நீட்டினார்.

வாங்கினாள். இரண்டாவது வரியைக் குறுக்கே அடித்தாள், மூன்றாவது வரியையும் அடித்தாள். காகிதம் கிழியாத அளவுக்கு அழுத்தி அடித்தாள். கீழே மிச்சமிருந்த இடத்தில் நின்றுகொண்டே எழுதினாள், எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. எண்ணியதில் பிழை என்னுடையது. எண்ணத் தெரியாதவள் அல்ல. பெட்டி அசல். மூடி அசல் அல்ல, கோயமுத்தூரில் வார்த்தது, அதன் கோர் போட்டவள் நான். கணவர் பெயரை அடித்துவிட்டு, துளசிமணி என்று மட்டும் போட்டாள்.

கோகுல்நாத் படித்தார். மறுபடி படித்தார். "மூடியா? பாம்பேக்காரர் எல்லாம் பாத்துட்டுத்தானே சொன்னார்."

"அவரு நம்பரப் பாத்தாருங். வயித்தப் பாக்கல. விரல உள்ள விடுங்க. இன்னும் கொஞ்சம். ஆ, அங்க. மூணு இருக்குதுங்களா? அது என்ற நகம். உங்க பவுண்டரில நான் ஏழு வருசம் கோர் போட்டேன்."

அவர் விரலை எடுக்காமல் நின்றார். "இத எழுதினா மறுபடியும் அசல் பிரிவுல சேத்துக்க மாட்டாங்களே" என்றார், குழந்தை மாதிரி.

"அது எனக்குத் தெரியாதுங். காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம். எனக்குத் தெரிஞ்சத நான் எழுதிட்டேன்."

"அம்மிணி, ஐயா கேட்ட லெட்டர் இது இல்லீங்களே" என்று தண்டபாணி தொடங்கினார். கோகுல்நாத்தின் விரல் இன்னும் மூடிக்குள்ளேயே இருந்தது.

துளசிமணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கொட்டகை வாசலில், துணி போர்த்திய கார் ஒன்றின் கண்ணாடி லேசாக வெளியே தெரிந்தது, அதில் தன் நெற்றியைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. பொட்டு பெட்டிக்குள் பல்லின்மேலேயே இருக்கிறது. திரும்பிப் போய் எடுத்துவரலாம், நாலு எட்டுதான். எடுக்கவில்லை. இருக்கட்டும். அடுத்து எண்ண வருகிறவன், மும்பைக்காரனோ சீமைக்காரனோ, அதிலிருந்தே தொடங்கட்டும். அது ஒன்று இல்லை என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தால் சரி.